அல்லகுறி

காலை நாலு மணிக்கே ஏழு வண்டிகள்.
மண்தரையில் எட்டாவதாக என்னுடையது.
ஜார்ஜியா எண்பலகை ஒன்று, இல்லினாய் இரண்டு,
கதவு துருப்பிடித்த லைல் ஸ்டக்கியின் ஃபோர்டு.
யாரும் கதவை அறைந்து சாத்துவதில்லை.
முதல் வாரம் கதவுச் சத்தத்துக்கே
முகட்டிலிருந்து பதில் கொடுத்த சேவல்கள்தாம்.
இது மூன்றாம் வாரம்.
ஆந்தை அலறினாலும்
எந்த ஊர் ஆந்தை என்று யோசிக்கின்றன.

"கேட்டுச்சா ஏதாவது?"
"ஒண்ணுமில்ல."
மிசௌரியின் பொதுக்காட்டில் இதுதான் வணக்கம்.
பொய் என்று இருவருக்கும் தெரியும்.
கைவிளக்கைத் தாழ்த்திக்கொண்டு பிரிகிறோம்.

நேற்றிரவு பதினொன்று வரை ஆலையில்
வெள்ளை வான்கோழிகளைக் கால்பிடித்துத் தூக்கிக்
கொக்கியில் மாட்டினேன்.
ஒன்றையும் நான் அழைக்க வேண்டியதில்லை.
வரிசை நகரும், வரும்.
மிச்சத் தூக்கத்தை விற்றுவிட்டுத்தான் இங்கே வருகிறேன்,
ஒன்றே ஒன்று
தானாக நடந்து வரட்டும் என்று.

ஓடை மணலில்
இறக்கை நுனி இழுபட்ட இரண்டு கோடுகள்.
அவற்றின் மேலேயே
ஒரு பூட்ஸ் தடம்.

ஓக் மரத்தடியில், ஈரம் இடுப்புக்கு ஏற, உட்கார்ந்தேன்.
மடியில் சிலேட்டு. கையில் குச்சி.
எழுத்து கிடையாது.
ஒரே வட்டம், சின்னதாக, அழுத்தி:
ஒரு பெட்டையின் ஏக்கம்.
தெற்கே ஒரு பெட்டை பதில் தந்தது. அருமையான குரல்.
நான் கேட்க, அது சொல்ல,
அது சிணுங்க, நான் கொஞ்ச,
முக்கால் மணி நேரம்.
பிறகு அந்தப் பெட்டை இருமியது.
புகையிலை இருமல்.
லைல்.

அறுபது தாண்டிய அவரும் நாற்பத்தாறில் நானும்
தான் மட்டுமே ஏமாற்றுவதாக நம்பிக்கொண்டு
காட்டின் நடுவே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.
குச்சியைப் பைக்குள் வைத்தேன்.
அதன்பின் நெடுநேரம் டாக்வுட் பூக்கள்தாம் உதிர்ந்தன.

பதினொன்றரைக்கு வந்தது அந்தச் சத்தம்.
எண்ணெய் காணாத கீல்.
தாளம் தப்பி, நடுவில் உடைந்து,
மூன்று முறை கத்திவிட்டு
நாலாவதை மறந்ததுபோல் நின்றது.
கத்துக்குட்டி என்று நினைத்தேன்.
நேற்று வாங்கிய அழைப்பான்,
விலைச்சீட்டைக்கூடக் கிழித்திருக்க மாட்டான்.
நெருங்கியது. என் பக்கமே.
இங்கே கையசைக்கக் கூடாது.
அசைவதெல்லாம் இறைச்சி.
டுவெய்ன் ஹோல்ட்கிரூவின் தோளில்
போன வருட ரவை இன்னும் இருக்கிறது;
மழை வருவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடும்.
ஆகவே வாய்விட்டுச் சொன்னேன்:
"தம்பி, இங்க ஆள் இருக்கேன்."

புதர் நின்றது.
புதரிலிருந்து தலை நீட்டியது
நிஜப் பெட்டை.
சாம்பல் நீலக் கழுத்து. இமைக்காத ஒரு கண்.
டக், என்றது. ஒரே சொல்.
அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால், பத்தடியில்,
அத்தனை நேரமும் சத்தமே போடாமல் நின்றிருந்த ஒன்று
சுள்ளிகளை முறித்துக்கொண்டு எழும்பியது.
நெஞ்சில் தாடி ஆடிப் போனதைப் பார்த்தேன்.
துப்பாக்கி மடியிலேயே இருந்தது,
சிலேட்டுக்கு அடியில்.

ஒரு மணிக்குச் சட்டப்படி வேட்டை முடிகிறது.
வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து
பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தார் லைல்.
"கேட்டுச்சா ஏதாவது, ரமோனா?"
"ஒரு கத்துக்குட்டி," என்றேன். "காதே புண்ணாயிடுச்சு."
முதன்முறையாக
அவர் என்னை நம்பினார்.

ஷிஃப்டுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.
கண்ணாடியை ஏற்றிவிட்டு
சிலேட்டை ஸ்டீயரிங்மேல் சாய்த்து முயன்றேன்.
மூன்று. ஓர் உடைசல். ஒரு மறதி.
மறுபடி.
வட்டம் வட்டமாகத்தான் வந்தது.
அவ்வளவு பிழையாக
எனக்கு வரவில்லை.